மதினியின் காதும் ஏழரை எச்.பி. மோட்டாரும்

எங்கள் மதினியிடம் எதையும் "நல்லா இருக்கா?" என்று சும்மா கேட்டுவிட முடியாது. கேட்டால் சொல்லிவிடுவார். எங்கள் பக்கம் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பதிலுக்காகவா கேட்கிறார்கள்? ஒரு தலையாட்டலுக்காகக் கேட்கிறார்கள். மதினிக்குத் தலையாட்டத் தெரியாது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு கூடலூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து வீட்டுக்கு அவர் வந்த நாலாம் நாள், எங்களைப் பெற்ற ஆத்தா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். புது மருமகளின் சோற்றில் ஊற்றிவிட்டு, கரண்டியும் கையுமாகப் பெருமையாக நின்றாள்.

"எப்பிடித்தா இருக்கு கொழம்பு?"

மதினி ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். மூன்றாவது வாயையும் மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"உப்பு சரியா இருக்குத்தே. காரமும் சரிதான். புளித்தண்ணி கொதிக்க முன்னாடியே கருவாட்டப் போட்டுட்டீக. ஒரு கொதி விட்டுப் போட்டா இன்னும் நல்லா இருக்கும்."

நானும் அண்ணனும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். ஆத்தாவின் குழம்பை அந்த வீட்டில் யாரும் அதுவரை குறை சொன்னதில்லை. எங்கள் அப்பா உயிரோடு இருந்த காலத்திலேயே சொன்னதில்லை. ஆத்தா மூன்று நாள் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் மறுபடி கருவாட்டுக் குழம்பு வந்தது, ஒரு கொதி விட்டுப் போட்டது. மதினி மூன்று வாய் சாப்பிட்டு "முதல் தரம்" என்றார். ஆத்தா அடுப்பங்கரைக்குள் போய் எங்களுக்குத் தெரியாமல் சிரித்தாள்.

நாக்கு அப்படி என்றால், காது அதற்கும் மேலே. வந்து மூன்று மாதம் இருக்கும். தொட்டியடியில் துணி அலசிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார். கிணற்றடியில் எங்கள் ஏழரை எச்.பி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, மோட்டார்ல பேரிங் போகப் போகுது. கேளுங்க, அடியில ஒரு கரகரப்பு இருக்கு."

நான் கேட்டேன். எனக்கு மோட்டார் சத்தம் மோட்டார் சத்தமாகத்தான் கேட்டது. அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் தொணதொணத்து, கடைசியில் கம்பத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். கழற்றிப் பார்த்த மெக்கானிக், இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி எரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, "யாரு கண்டுபிடிச்சது?" என்று அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் தொட்டியடியைக் காட்டினோம்.

அதிலிருந்து அக்கம்பக்கத்தில் எதற்குச் சத்தம் மாறினாலும் மதினியிடம் கொண்டுவந்துவிடுவார்கள். ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் உறும விடுவார்கள். மேலத் தோட்டத்துக்காரர் ஒருநாள் சுவர்க்கடிகாரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மதினி அதன்மீது காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது ஒண்ணும் கெட்டுப் போகல. நீங்கதான் கோணலா மாட்டிருக்கீக" என்று அனுப்பிவைத்தார்.

இந்தக் காதை அவர் வளர்த்த விதம்தான் எங்களுக்குப் புரியாத விஷயம். குமுளிக்கு அந்தப் பக்கம் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவருடைய அப்பா கிளார்க். எஸ்டேட்டை விட்டுப் போன ஒரு மேனேஜர், ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் ராக் கேசட்டுகளை வேண்டாமென்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மழைக்காலத்தில் ஆறு மாதம் வெளியே போக முடியாத அந்த மலையில், ஒரு பெண் பிள்ளை அவற்றைக் கேட்டுக் கேட்டே வளர்ந்திருக்கிறது. சீர்வரிசையில் பீரோவும் கட்டிலும் பித்தளைக் குடமும் வந்தன. அவற்றோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. நகைப்பெட்டி என்று நினைத்து ஆத்தா ஆசையாகத் திறந்தாள். உள்ளே கேசட்டுகள்.

அந்தப் பெட்டியில் பாதி ஒரே குழுவின் பாட்டுகள். நாலு பேர். இங்கிலாந்தில் ஏதோ பஞ்சாலை ஊர்க்காரர்கள். வாயில் நுழையாத அவர்களுடைய பெயர்களை விட்டுவிட்டு, எங்களுக்குப் புரிகிற மாதிரி மதினியே வேறு பெயர் வைத்திருந்தார். பாடுகிறவர் 'பெரியவர்'. ட்ரம்ஸ் அடிக்கிறவர் 'தவில்காரர்'. கிடார் வாசிக்கிற இரண்டு பேரும் 'பங்காளிகள்'. அது சும்மா வைத்த பெயரில்லை. அந்த இரண்டு பேருக்கும் தகராறு வந்துதான் குழுவே உடைந்து பதினாறு வருஷமாகப் பாட்டு எதுவும் வராமல் கிடந்தது. எங்கள் குடும்பத்திலும் கிணற்றுத் தண்ணீருக்காகப் பங்காளிச் சண்டை நடந்து பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த நேரம். ஆத்தாவுக்கு இது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"என்ன தகராறாம்? சொத்தா?"

"யாரு பாட்ட மொதல்ல வைக்கிறதுன்னு தகராறுத்தே."

"அதுக்கா பதினாறு வருசம்? நம்மாளுகளே தேவலையே."

மதினி பாட்டுக் கேட்கிற முறையும் அலாதி. ஒரு புதுக் கேசட் வந்தால் மூன்று தடவை கேட்பார். முதல் தடவை நின்றுகொண்டு, வேலை பார்த்துக்கொண்டே. இரண்டாம் தடவை உட்கார்ந்து. மூன்றாம் தடவை சிமெண்டுத் தரையில் படுத்து ஒரு காதைத் தரையில் வைத்துக்கொண்டு. பிறகு எழுந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் எழுதுவார்: முதல் தரம், இரண்டாம் தரம், தள்ளுபடி. எழுதியதை அடித்துத் திருத்தி நான் பார்த்ததில்லை. "பென்சில்ல எழுதலாமே மதினி" என்று ஒருமுறை கேட்டேன். "திருத்தற எண்ணம் இருக்கறவக பென்சில்ல எழுதணும்" என்றார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். மோட்டார் ஓடும்போது பாட்டுப் போடக்கூடாது. எங்கள் பக்கம் மோட்டாருக்கென்று விடுகிற மூணு பேஸ் கரண்ட் வந்துவிட்டால் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் மோட்டாரைத் தட்டிவிடுவார்கள். வீட்டு பல்பு மஞ்சளாய் மங்கும். டேப்பில் பாடுகிறவர் தூக்கத்தில் பேசுகிற மாதிரி இழுப்பார். "அவுக கஷ்டப்பட்டுப் பாடுனத நாம இப்பிடிக் கேட்டா பாவம்" என்பார் மதினி. அதனால் மூணு பேஸ் இல்லாத மத்தியானங்கள்தான் அவருடைய கச்சேரி நேரம்.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்துப் பிஞ்சு பிடித்திருந்த சமயம். அண்ணன் குமுளி சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும்போதெல்லாம், வெள்ளைக்காரர்கள் வாங்குகிற ஒரு கடையிலிருந்து இங்கிலீஷ் இசைப் பத்திரிகை ஒன்று வாங்கிவருவான். பேச்சில் கஞ்சனான அண்ணன் பொண்டாட்டிமீது வைத்திருந்த பிரியத்தை அந்தப் பத்திரிகையில்தான் பார்க்க முடியும். அன்று பத்திரிகையைப் புரட்டிய மதினி "அத்தே!" என்று போட்ட சத்தத்தில் பந்தலுக்கடியில் மருந்தடித்துக்கொண்டிருந்த நான் மிஷினைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். பாம்பு என்று நினைத்தேன்.

"பங்காளிக கூடிட்டாகத்தே! புதுப் பாட்டு வருதாம்! நாலு பேரும் சேந்து!"

ஆத்தா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நெசமாவா? யாரு மொதல்ல எறங்கி வந்தது?"

மதினி சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வருகிறது, பத்திரிகையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றுகிறார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த வீட்டில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கே எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்தது.

கேசட்தான் கிடைக்கவில்லை. கம்பத்தில் கேட்டேன், தேனியில் கேட்டேன், பழனிசெட்டிபட்டியில் புதிதாகத் திறந்த கடையிலும் கேட்டேன். "அது யாரு?" என்றார்கள். அப்போதுதான் மதினி இன்னொன்றைக் கண்டுபிடித்தார். சிற்றலை வானொலியில் ஒரு வெளிநாட்டு நிலையம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, அந்த ஆல்பம் முழுவதையும் போடப் போகிறது. மதினி நாள்காட்டியில் வட்டம் போட்டார். பிறகுதான் பார்த்தார், அதே வெள்ளிக்கிழமை எஸ்டேட்டில் அவருடைய தங்கைக்கு வளைகாப்பு.

போகாமல் இருக்க முடியுமா? பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் டூ-இன்-ஒன்னில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்தே இருந்தன. ரேடியோவில் வருவதை அப்படியே கேசட்டில் பதிந்துகொள்ளலாம். ரேடியோ முள் நிற்க வேண்டிய இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தார். புதுக் கேசட்டைப் பிரித்துப் போட்டு, எந்தெந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். ஜீப்பில் ஏறிய பிறகும் தலையை வெளியே நீட்டி, "தம்பி, மோட்டார் விஷயம் ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

ஞாபகம் இருக்கத்தான் செய்தது. ஏழு மணிக்குப் பட்டனை அழுத்தினேன். முதல் பாட்டு ஆரம்பிக்கக்கூட இல்லை, மூணு பேஸ் வந்துவிட்டது. இரண்டு நாளாக வராத கரண்ட். பிஞ்சு வாடிக் கிடக்கிறது. சுற்றிலும் ஒவ்வொரு தோட்டமாக மோட்டார் கிளம்புகிற சத்தம் கேட்கிறது. நான் யோசித்தேன். மோட்டார் ஓடும்போது பாட்டுப் போட்டால்தானே இழுக்கும்? இப்போது நாம் போடவில்லையே, பிடிக்கத்தானே செய்கிறோம்? ஓடிப்போய் எங்கள் மோட்டாரையும் தட்டிவிட்டு வந்து ரேடியோவைக் கேட்டேன். கொஞ்சம் இரைச்சல் இருந்தது. பாடுகிறவர் குரல் இழுக்கவே இல்லை. நிம்மதியாக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் திருப்பப் போய்விட்டேன். நடுவில் ஒருதரம் ஓடிவந்து கேசட்டைத் திருப்பிப் போட்டதோடு சரி.

மறுநாள் மத்தியானம் மதினி வந்திறங்கி, கை நிறைய வளையலோடு நேரே டேப்பிடம் போனார். நல்ல கரண்ட். மோட்டார் ஓடவில்லை. பட்டனை அழுத்தினார்.

அடடா! முதல் பாட்டிலேயே வீடு அதிர்ந்தது. தவில்காரர் பின்னி எடுக்கிறார். பங்காளிகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள். பெரியவர் குரல் மேலே போய் அங்கேயே நின்று விளையாடுகிறது. பாட்டுக்கு நடுவில் பேசுகிற அறிவிப்பாளரும் குடுகுடுவென்று பேசினார். "இவரு என்ன இப்பிடிப் பறக்குறாரு? நேரம் பத்தல போல" என்று மதினி சிரித்தார். பிறகு ஆத்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அத்தே, அவுகளுக்கெல்லாம் அம்பது வயசு தாண்டிருச்சு. கேளுங்க, இருவது வயசுப் பய கணக்கா பாடுறாக!"

"சேந்துட்டாகள்ல. அந்தத் தெம்புதான்" என்றாள் ஆத்தா.

நின்று கேட்டார், உட்கார்ந்து கேட்டார், படுத்துக் கேட்டார். நோட்டை எடுத்து, அதுவரை எந்தக் கேசட்டுக்கும் செய்யாத காரியமாக, 'முதல் தரம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் தோட்டத்தில் அதுதான் பாட்டு. மருந்தடிக்க வந்தவர்கள்கூட அந்தத் தாளத்துக்குக் கைப்பம்பு அடித்தார்கள்.

பதினைந்து நாள் கழித்து அண்ணன் கொண்டுவந்த பத்திரிகையில் விமர்சனம் வந்திருந்தது. மதினி நின்றபடி படித்தார். முகம் சிவந்துகொண்டே போனது.

"என்ன மதினி?"

"குரல் களைச்சுப் போச்சாம். வயசானவுக மாடிப்படி ஏறுற மாதிரி பாடுறாகளாம். தாளம் நடக்கவே மாட்டேங்குதாம். பதினாறு வருசம் கழிச்சு வந்திருக்க வேண்டாமாம்." பத்திரிகையைத் தொப்பென்று போட்டார். "இந்தாளு காதுல என்ன பஞ்சா வச்சிருக்காரு?"

அடுத்த பக்கத்தில் ரசிகர்கள் கடிதம். பாதிப் பேர் விமர்சகர் பக்கம் நின்று ஏமாந்துபோனோம் என்று அழுதார்கள். மீதிப் பேர், பழைய பாசத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். பொறுத்துக்கொள்வதா? மதினிக்கு அதுதான் இன்னும் ஆத்திரம்.

அன்று சாயங்காலமே இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதினார். எழுதியதைத் தமிழில் எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். நான் ஒரு திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறேன். மோட்டார் பேரிங் தேய்வதைத் தொட்டியடியில் இருந்தே கண்டுபிடிக்கிற காது என்னுடையது. ரயிலைப் பற்றிய பாட்டில் தவில்காரர் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு இளைஞன் நாலு நிமிஷம் தாக்குப்பிடிப்பானா? இதைக் களைப்பு என்கிறவர் முதலில் தன் காதை வைத்தியரிடம் காட்டட்டும். அதோடு நிறுத்தாமல், கீழே தன் முழுப் பெயரையும் எங்கள் வீட்டு விலாசத்தையும் எழுதினார்.

அது அச்சில் வந்தது. பெட்டி கட்டிப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். எங்கள் விலாசம் அச்சில் வந்ததை அண்ணன் குமுளிக் கடையில் மூன்று பேரிடம் காட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு தபால்காரருக்கு எங்கள் தோட்டம்தான் வழி. பெங்களூர், ஷில்லாங், கோவா என்று எங்கெங்கிருந்தோ கடிதங்கள். 'உங்களைப் போல ஒருவர் சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தோம்' என்று சிலர். 'நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கேசட் வாங்கினேன்' என்று ஒரு கல்லூரிப் பெண். மதினி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்து, உட்கார்ந்து பதில் எழுதினார். அவருடைய காதை நம்பி எங்கெங்கோ ஆட்கள் காசு கொடுத்துக் கேசட் வாங்குகிறார்கள் என்பதில் எங்களுக்கும் கர்வம்தான்.

கோட்டயத்திலிருந்து ஒரு ரசிகர் எழுதவில்லை, பார்சலே அனுப்பினார். உள்ளே அந்த ஆல்பத்தின் அசல் கேசட். கூடவே ஒரு சீட்டு: 'உங்கள் கடிதம் பிரமாதம். ஆனால் நீங்கள் சொல்கிற ஓட்டம் என் காதுக்கு எட்டவில்லை. ஒருவேளை உங்கள் கேசட் தேய்ந்திருக்குமோ என்று ஒன்று அனுப்புகிறேன்.'

"கேசட் தேஞ்சா ஓட்டம் கூடுமா?" என்று சிரித்துக்கொண்டே மதினி அதைப் போட்டார்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. நிதானமாக நடந்தது. பெரியவர் கீழ்க்குரலில் மூச்சு வாங்கினார்.

"தம்பி, மோட்டார அமத்துங்க. கரண்ட் இழுக்குது."

நான் வாசல்பக்கம் பார்த்தேன். மோட்டார் ஓடவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்த மோட்டாரும் ஓடவில்லை. மூணு பேஸே இல்லை.

"மோட்டார் ஓடல மதினி."

"அப்ப லைன்ல கோளாறு."

ஆறு புது பேட்டரியைப் போட்டார். அதே நடை, அதே மூச்சு. பெட்டியிலிருந்து பழைய கேசட் ஒன்றை எடுத்துப் போட்டார். அது எப்போதும்போலச் சரியாக ஓடியது. பிறகு நான் பதிந்த கேசட்டைப் போட்டார். அறிவிப்பாளர் குடுகுடுவென்று பறந்தார். மதினி அந்த ஆளின் இரண்டு வாக்கியத்தைக் கேட்டுவிட்டுப் பட்டனை நிறுத்தினார்.

"அன்னைக்கு மூணு பேஸ் வந்துச்சா?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"வந்துச்சு மதினி. பிஞ்சு வாடிக் கெடந்துச்சு. ரேடியோல நல்லாத்தான் கேட்டுச்சு. அதான் மோட்டாரப் போட்டுட்டேன்."

சங்கதி இவ்வளவுதான். கரண்ட் குறைந்தபோது ரேடியோ ஒழுங்காகப் பாடியது. டேப் மெதுவாக ஓடிக்கொண்டே அந்தப் பாட்டைப் பிடித்தது. நல்ல கரண்டில் அதே நாடா வேகமாக ஓடிப் பாட்டைக் கொட்டியது. ஐம்பது தாண்டியவர் இருபதாகிவிட்டார். விமர்சகர் கேட்டதுதான் அவர்கள் பாடியது.

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மதினி தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "சாரமில்ல தம்பி" என்றார். மலைக்காரர்கள் பேசுகிற மலையாளத்தில் அதற்குப் பரவாயில்லை என்று அர்த்தம். உண்மையிலேயே வலித்தால் மட்டும் அவர் வாயில் வருகிற வார்த்தை அது.

"தப்பு உங்களுது இல்ல. அறிவிப்புச் சொல்றவரு பறந்தப்பவே எங்காது முழிச்சிருக்கணும். பதினாறு வருசமா ஏங்கிக் கெடந்த காது. கேக்க ஆசப்பட்டத கேட்டுருச்சு."

அண்ணன் சாயங்காலம் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அவன் எப்போதும்போலச் சுருக்கமாகப் பேசினான். "விடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எங்காதுக்குத் தெரிஞ்சு போச்சே. அந்தக் காலேஜுப் பொண்ணு எங்காத நம்பிக் கேசட்டு வாங்கிருக்கு."

அடுத்து மூன்று மத்தியானம் அசல் கேசட்டை நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் கேட்டார். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் நோட்டை எடுத்தார். இரண்டு கோடு போட்டு வைத்திருந்த 'முதல் தரம்' மீது பேனாவால் குறுக்கே அடித்தார். நான் பார்த்து அவர் அடித்த முதல் அடித்தல் அதுதான். பக்கத்தில் 'இரண்டாம் தரம்' என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடவில்லை. கொஞ்சம் யோசித்து, 'கடைசிப் பாட்டு மட்டும் முதல் தரம்' என்று சேர்த்தார்.

"கடைசிப் பாட்டா?" என்றேன். அது ஒரு மழைப் பாட்டு. எங்கள் கேசட்டில் அது ஏதோ பஸ்ஸுக்கு ஓடுகிற மாதிரி இருக்கும்.

"வேகமா கேக்கயில அது ஒண்ணுமில்லாத பாட்டு தம்பி. மெதுவா கேட்டாத்தான் அந்த மனுசன் சண்ட போட்ட வருசத்தையெல்லாம் நெனச்சுப் பாடுறது தெரியுது. இத அந்த விமர்சகரும் கேக்கல, நானும் கேக்கல."

அதையும் எழுதினார். மோட்டார், மூணு பேஸ், வாடிய பிஞ்சு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி, வைத்தியரிடம் போகச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார். என்னைப் பற்றி மட்டும் எழுதவில்லை. 'எங்கள் தோட்டத்துக்கு அன்று தண்ணீர் தேவைப்பட்டது' என்று முடித்துக்கொண்டார். இதை நான் எத்தனை வருஷம் ஆனாலும் மறக்க மாட்டேன்.

கடிதம் அச்சில் வந்த அன்று வீடு இழவு வீடு போல இருந்தது. இனி அந்தப் பக்கமிருந்து ஒரு காகிதம் வராது என்று மதினியே சொல்லிவிட்டார். பேனாவும் தபால்தலையும் பரணுக்குப் போயின.

பத்தாம் நாள் தபால்காரர் சைக்கிளில் வரவில்லை, மொபெட்டில் வந்தார். சாக்குப்பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். முன்பு வந்ததைவிட இரண்டு மடங்கு கடிதங்கள். மதினி ஒன்றைப் பிரித்தார், இன்னொன்றைப் பிரித்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எல்லாரும் ஒன்றையே கேட்டிருந்தார்கள். அந்த மோட்டார் கேசட்டில் ஒரு பிரதி வேண்டும்! அந்தக் கல்லூரிப் பெண் கேட்டிருந்தது, கோட்டயத்துக்காரர் கேட்டிருந்தார். அடியில் ஒரு தபாலட்டை இருந்தது. விமர்சகர் எழுதியது. 'மழைப் பாட்டை மறுபடி கேட்டேன். நீங்கள் சொன்னது சரி, அடுத்த இதழில் எழுதுகிறேன். எனக்கும் ஒரு பிரதி அனுப்ப முடியுமா?'

மதினி அந்த அட்டையோடு முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். அண்ணன்கூடப் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

பிரதி எடுப்பது என்று முடிவானது. ஆனால் ஒவ்வொரு கேசட்டின் மேலும் ஒட்டுவதற்கு மதினி தன் கையால் சீட்டு எழுதினார்: 'பாடியது அவர்கள். ஓட்டியது எங்கள் மோட்டார். இதைக் கேட்டு அவர்களுக்குத் தரம் போடாதீர்கள்.' மேலத் தோட்டத்திலிருந்து இன்னொரு டேப் இரவல் வாங்கிவந்து, இரண்டையும் ஒயரால் இணைத்து, ஒரு மத்தியானம் எல்லாரும் கூடி உட்கார்ந்தோம். ஒன்றில் பாட்டு ஓடியது, மற்றதில் பதிந்தது. பெரியவர் இருபது வயதில் துள்ளினார்.

மூன்றாவது பாட்டின் நடுவில், வரக்கூடாத நேரத்தில், மூணு பேஸ் வந்துவிட்டது. கிழக்கே ஒரு மோட்டார் கிளம்பியது. பிறகு மேற்கே ஒன்று. பல்பு லேசாக மங்கியது. திராட்சை கறுக்கிற சமயம், தண்ணீர் தேவைதான். அண்ணன் பழக்கதோஷத்தில் எழுந்தான். அவனுக்கு முன்னால் ஆத்தா எழுந்து, பெரியாற்றையே மறிக்கப் போகிறவள் போல விறுவிறுவென்று மோட்டார் ரூமுக்குப் போனாள். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு சேலையை இழுத்துச் செருகினாள்.

"ஏலே, எவனாவது இதுல கைய வச்சீக, ஒடிச்சுப்புடுவேன். பாட்டு முடியட்டும். வெங்கப்பயலே, போயி அக்கம்பக்கத்துக்காரனுகளையும் அமத்தச் சொல்லு!"

அந்த வெங்கப்பயல், அதாவது முட்டாப்பயல், நான்தான். ஓடினேன். வரப்பு வரப்பாக ஓடி, ஒவ்வொரு தோட்டமாகக் கெஞ்சினேன். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டு வாசலிலும் நின்று, "ஒரு மணி நேரம் அமத்துங்க சித்தப்பா, பாட்டுப் பதியுறோம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேரிங்கு கண்டுபிடிச்ச புள்ளைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய் மோட்டாரை அமத்தினார்.

நான் திரும்பி வந்தபோது பல்பு வெள்ளையாக எரிந்தது. மதினி பதிந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். ஆத்தா ஸ்டார்ட்டரை விட்டு நகராமல், அங்கிருந்தே வீட்டுப் பக்கம் காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, இந்தப் பெரியவரு என்னத்துக்கு இம்புட்டு அவசரப்படுறாரு?"

மதினி வாசலுக்கு வந்து எங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

"அவரு அவசரப்படலத்தே. அன்னைக்கு நம்ம தோட்டந்தான் அவசரப்பட்டுச்சு."